காயசண்டிகையை யார் தேடினார்கள்?

பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’யைக் கோடை விடுமுறையில், திருவெள்ளறையில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். 2008இல் வந்த நாவல். தலையணை கனம். ஒரு மர்மத்தின் பின்னால் போனால் அதற்குள் ஒரு கதை, அந்தக் கதைக்குள் இருப்பவரிடம் இன்னொரு கதை. குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்தால் எந்தக் கதைக்குள் இருந்தேன் என்று பத்துப் பக்கம் பின்னால் போக வேண்டியிருந்தது. எரிச்சல்தான், ஆனாலும் விட முடியவில்லை.

இதைச் சோதனை நாவல் என்கிறோம். வகுப்பில் வருடாவருடம் நான் நடத்தும் மணிமேகலையும் இப்படித்தான் நடக்கிறது. அங்கே அதற்குப் பெயர் கிளைக்கதை. ஐந்து மதிப்பெண் வினா. அதிலும் ஒரு கொலை உண்டு. உதயகுமரனிடமிருந்து தப்பிக்க மணிமேகலை காயசண்டிகையின் உருவம் எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி, அவளைத் தேடி இரவில் வந்த இளவரசனை வாளால் வெட்டுகிறான். கொன்றது யார், ஏன், முற்பிறப்பில் என்ன நடந்தது என்று காப்பியம் விசாரித்துக்கொண்டே போகிறது. மணிமேகலையைச் சிறை வைக்கிறார்கள்.

உண்மையான காயசண்டிகை எங்கே? ஒரு முனிவரின் நாவற்கனியை மிதித்துவிட்ட குற்றத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு தீராப் பசியோடு திரிந்தவள் அவள். அமுதசுரபிச் சோற்றில் பசி தீர்ந்து, வான்வழியே ஊர் திரும்பும்போது விந்தமலைக்கு மேலே பறந்ததால் விந்தாகடிகை அவளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறாள். இதைக் கந்திற்பாவை, அதாவது தூணில் இருக்கும் தெய்வம், காஞ்சனனுக்குச் சொல்லும் பேச்சில் போகிறபோக்கில் தெரிந்துகொள்கிறோம். அவன் வருந்தியபடி ஊர் போகிறான். “அவளை யாரு மேம் தேடினாங்க?” என்று இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். பதினெட்டு வருடமாக நடத்துகிறேன், எனக்குத் தோன்றாத கேள்வி.

திண்ணையில் அந்தக் கேள்வி திரும்ப வந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு பெருங்கதை உண்டு: தாத்தாவின் வரப்பு வழக்கு. திருச்சி கோர்ட்டு, வக்கீல், வாய்தா, கடைசியில் தீர்ப்பு. சொல்லும்போது யாராவது வருடத்தை மறந்தால், “சின்னவ கெணத்துல தவறி விழுந்தாளே, அந்த வருசம்” என்று அடையாளம் சொல்வார்கள். என் சின்ன அத்தைக்குக் கதையில் இருந்த இடம் அவ்வளவுதான்.

சாயங்காலம் அம்மாவோடு ஸ்வஸ்திக் கிணற்றுக்கு நடந்தேன். தந்திவர்மப் பல்லவன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டியது; அவன் பெயரும் அண்ணன் பெயரும் கல்லில் இருக்கின்றன. நாலு பக்கமும் படிகள் வளைந்து இறங்கும். ஒரு படித்துறையில் குளிப்பவர் மற்றதில் இருப்பவருக்குத் தெரியமாட்டார். மாமியார் குளிப்பதை மருமகள் பார்க்க முடியாது என்பார்கள் ஊரில். இப்போது கம்பி அடித்திருக்கிறார்கள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், “சின்னத்த எப்படிம்மா விழுந்தாங்க?”

அம்மா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள். “அவளுக்கு நல்லா நீச்சல் தெரியும்டி” என்றாள். பிறகு, மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தோமா என்று கேட்டாள்.

பெரியத்தை ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பத்தொரு வயது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.