ஜனாஸா வண்டியைத் தாழ்த்தினோம்

நமது ஊரின் மையவாடி, குடியிருப்புகளிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கரையைத் தாண்டி அமைந்துள்ளது. முன்பெல்லாம் சந்தூக்கைத் தோள் மாற்றித் தோள் மாற்றி நடந்தே கொண்டு சென்றனர். இளைஞர்களில் பலர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றுவிட்ட பிறகு தோள்கள் குறைந்தன. ஆகவே ஜமாஅத்தார் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, ஜனாஸாவுக்கென ஒதுக்கினர். அதன் பராமரிப்பும் வரவு செலவும் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டன.

வண்டியில் இரண்டு குறைகள் இருந்தன. பின்தளம் உயரமானது, சந்தூக்கை ஏற்றும்போது முதியவர்களின் கைகள் நடுங்கும். மற்றொன்று குலுக்கல். ஒரு டன்னுக்கு மேல் சுமப்பதற்கென அடுக்கப்பட்ட கமான் பட்டைகள், ஒரு மையித்தின் எடைக்கு வளைந்து கொடுப்பதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் சந்தூக் எழும்பி விழும். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி உண்டு. காலையில் அதைப் பாடமாக நடத்திவிட்டு, மாலையில் அந்த வண்டியில் மையித்துடன் செல்வது நமக்கு வேதனையளித்தது.

இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்து இருப்பதாகக் கேள்விப்பட்டோம். கமான் கட்டிலிருந்து சில பட்டைகளைக் கழற்றிவிட்டால் வண்டி தாழும், குலுக்கலும் குறையும். கையிருப்பு நாலாயிரம் ரூபாய். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டு சென்றோம்.

அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "ஹஜ்ரத், பட்டையைக் கழற்றுறது பெரிய வேலையில்ல. ஆனா பின்னால ஒரு பிரேக் வால்வு இருக்கு. அதையும் சேர்த்துச் சரி பண்ணணும். ரெண்டு நாள் வண்டி இங்க நிக்கணும்" என்றார்.

"அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் தம்பி. இருக்கிற பணத்தில் இதை முடித்துக் கொடுங்கள்" என்றோம்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். உஸ்தாதை எதிர்த்துப் பேசலாகாது என்ற அதபை அவருக்குக் கற்பித்தவர்களும் நாமே. பட்டறையில் அவர்தாம் உஸ்தாத், நாம் மாணவர் என்பது அன்று நமக்குத் தோன்றவில்லை.

பக்கத்துக்கு இரண்டு பட்டைகளைக் கழற்றி, புதிய யு போல்ட் போட்டுக் கொடுத்தார். செலவு 3,800 ரூபாய். அதிலும் கூலியில் பாதியைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வண்டி ஏறத்தாழ மூன்று விரற்கடை தாழ்ந்தது. குலுக்கலும் வெகுவாகக் குறைந்தது. "ஹஜ்ரத் சிக்கனமாக முடித்துவிட்டார்" என்று ஊரார் பாராட்டினர். அந்தப் பாராட்டு நமக்கு இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஐப்பசி மழையில் ஒரு மூதாட்டியின் ஜனாஸா. நாம் முன்னிருக்கையில் இருந்தோம். ஏரிக்கரையில் ஆடு ஒன்று குறுக்கே பாய, ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பின்சக்கரங்கள் சுழல்வதை நிறுத்திவிட்டு வழுக்கின. வண்டியின் பின்பகுதி தண்ணீர்ப் பக்கமாகத் திரும்பி, கரையோரக் கல்லில் முட்டி நின்றது. சந்தூக் நகர்ந்து கேபின் சுவரில் மோதிற்று. அதைப் பிடித்திருந்த பேரனின் இரண்டு விரல்கள் இடையில் சிக்கி நசுங்கின. அந்தப் பிள்ளை அழவில்லை. "நன்னிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் கேட்டான்.

அந்த வால்வு செய்யும் வேலையைப் பிறகுதான் கேட்டறிந்தோம். அது வண்டியின் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு கம்பி அதைப் பின் அச்சுடன் இணைக்கும். சுமை ஏறினால் சட்டம் தாழும். கம்பி அசைந்து, பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தம் கொடுக்கச் செய்யும். வெற்று வண்டி உயர்ந்து நிற்கும்போது அழுத்தத்தைக் குறைக்கும். நாமோ சுமையின்றியே சட்டத்தைத் தாழ்த்திவிட்டோம். வண்டி நிறைந்த பாரத்துடன் செல்வதாக வால்வு எண்ணிக்கொண்டு, எடையற்ற பின்சக்கரங்களுக்கு முழு அழுத்தத்தையும் அனுப்பியிருக்கிறது. ஈரத் தரையில் அவை பூட்டிக்கொண்டன. கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்ப அமைத்து, பிரேக்கைச் சோதித்திருக்க வேண்டும். அதைத்தான் அவர் அன்று கேட்டார்.

பேரனின் தந்தையிடம் மன்னிப்புக் கேட்டோம். "தக்தீர் ஹஜ்ரத், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். பாதிக்கப்பட்டவர் அதைச் சொல்லும்போது அது ஸப்ர். அதையே நாம் எடுத்துப் போர்த்திக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில், பட்டறைக்காரருக்குப் பாக்கிக் கூலியைக் கொடுக்கலாகாது என்று ஒருவர் சொன்னார், பலர் ஆமோதித்தனர். அவர் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை. நாமும் சற்று நேரம் மௌனமாக இருந்தோம். எவ்வளவு நேரம் என்பதை அல்லாஹ் அறிவான். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்துள்ள நபிமொழியை ஆண்டுதோறும் நடத்துகிறோம். அந்த வண்டிக்கு மருந்து எழுதியவர் பட்டறைக்காரர் அல்லர். எழுந்து நின்று நடந்ததைச் சொன்னோம். கூலிப் பாக்கியும் பிள்ளையின் சிகிச்சைச் செலவும் நமது சம்பளத்திலிருந்து போகட்டும் என்றோம். ஒருவர் இருமினார். முத்தவல்லி அடுத்த விஷயத்துக்குச் சென்றார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவர் நம் செருப்பை எடுத்து நேராக வைத்தார். "வால்வு விஷயத்தை நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும் ஹஜ்ரத்" என்றார். நாம் சொல்ல விடவில்லையே என்றோம்.

உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் தடுப்பதை ஊர் வழக்கறிஞர் ஒருவர் பின்னர் நினைவூட்டினார். மார்க்கச் சட்டம் கற்ற நாம் நாட்டுச் சட்டத்தையும் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

கழற்றிய நான்கு பட்டைகளும் மதரஸாவின் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. துருவைத் தேய்த்து எடுத்து, அவற்றையே திரும்பப் பூட்டினார். பிரேக்கை அவரே பலமுறை ஓட்டிச் சோதித்த பிறகுதான் சாவியைத் தந்தார். சந்தூக்குக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பும், இருபுறமும் கட்டுவதற்குப் பட்டை வாரும் இப்போது உள்ளன. ஏரிக்கரையில் வண்டி நடை வேகத்திலேயே செல்கிறது. பின்தளம் பழையபடி உயரமாகிவிட்டது. ஏற்றுவதற்கு ஆறு பேர் போதவில்லை. எட்டுப் பேர் நிற்கிறோம். விரல் ஆறிய அந்தப் பேரனும் வந்து ஒரு முனையைப் பிடிக்கிறான்.