கறுப்புக் கழுநீர்

முதன்முறை கறுப்புக் கவுனியை ஊறவைத்த இரவுக்குப் பின், விடிகாலையில் பாத்திரத்தைத் திறந்தபோது திகைத்துவிட்டேன். நாவற்பழச் சாறுபோல் நிறமேறிக் கிடந்தது தண்ணீர். சாயம் ஏற்றி விற்றுவிட்டான் என்று கடைக்காரரைச் சபித்தபடி, அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். மாமல்லபுரத்து வாடகை வீட்டில் தனியாகச் சமைப்பவனுக்கு யார் சொல்வார்கள்? செங்கல்பட்டிலிருந்து தொலைபேசியில் அம்மாதான் சொன்னாள்: "டேய், அந்தத் தண்ணியிலதானே சாரமே இருக்குது!"

மறுநாள் சில துளி எலுமிச்சையை விட்டுப் பார்த்தேன், சிவந்தது. சமையல் சோடாவுக்கு நீலம் பாரித்தது. ஆந்தோசயனினின் இயல்பு இது. தவிட்டில் தங்கும் இந்த நிறமி நீரில் கரைவது; தீட்டினாலும் போய்விடும், வடித்தாலும் போய்விடும்.

அரிசிக்கு நான் வந்ததே 92 கிலோ எடையால். கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டையல்ல, புகைந்துகொண்டே இருக்கும் அடுப்பு என்றார் மருத்துவர். பருத்த கொழுப்புத் திசுவுக்குள் நோயெதிர்ப்பு அணுக்கள் புகுந்து அழற்சியை மூட்டுகின்றன; இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்க மறுக்கிறது. 2003இல் ஜப்பானில், கொழுப்பு மிகுந்த தீனியோடு ஊதாச் சோளத்தின் ஆந்தோசயனினையும் பன்னிரண்டு வாரம் தின்ற சுண்டெலிகள் மற்றவைபோல் பருக்கவில்லை. ஆனால் சுண்டெலி வேறு, நான் வேறு. மனிதக் குடல் இந்த நிறமியில் சிறிதளவையே அப்படியே உறிஞ்சுகிறது. எஞ்சியதைக் குடல் நுண்ணுயிரிகள் சிதைத்து வேறு பொருள்களாக்குகின்றன. ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தேன். அந்தப் பெருமையைக் கவுனிக்குத் தருவதா, கலங்கரை விளக்கம் வரை தினமும் நடந்த கால்களுக்குத் தருவதா?

சிறுமணி என்றொரு நெல்லுக்குத் தன் பெயரையே ஈந்த ஊர் செங்கல்பட்டு. அம்மாவின் பிறந்தகத்தில் சிவப்பரிசிதான். வாக்கப்பட்ட வீட்டில் அது கூலிக்காரர் சோறு. அப்பாவுக்கு மல்லிகைப்பூப்போல் வெள்ளையாக இருக்க வேண்டும். சிவப்புக்குரிய மரபணுவில் 14 எழுத்துகள் உதிர்ந்ததால்தான் பெரும்பாலான வெள்ளை அரிசிகள் பிறந்தன என்று 2006இல் கண்டறிந்தார்கள். அந்த உதிர்வைத்தான் மனிதன் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து விதைத்திருக்கிறான். அப்பா மட்டும் என்ன செய்வார்?

சர்க்கரை நோய் முதலில் அவர் காலை வாங்கியது, பிறகு அவரை.

போன வாரம் அம்மா கேட்டாள்: "அந்தச் செவப்பரிசியையே வடிச்சுப் போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ?"

சுண்டெலிகளைப் பற்றி அவளிடம் என்ன சொல்ல? "உலை கொதிக்குதும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பை நான் இன்னும் பற்றவைத்திருக்கவில்லை.