பெட்டி ஏன் அணைகிறது?

இந்த விஷயத்தை எழுதலாமா, வேண்டாமா என்று நான்கைந்து நாள் யோசித்தேன். வீட்டுச் சண்டையை ஏட்டில் ஏற்றுவதா என்று கணவர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம். கேட்டபோது, "எழுது. ஆனா எம் பங்கையும் விடாம எழுது" என்று சொல்லிவிட்டார். அவர் பங்கு என்ன என்பது பின்னால் வரும்.

நாங்கள் ஈப்போ புந்தோங்கில் குடியிருக்கிறோம். புந்தோங் என்றாலே கச்சாங் பூத்தே. எங்கள் பின்வரிசையிலும் ஒரு குடும்பம் முறுக்குச் சுட்டு, கடலை வறுத்துப் பிழைக்கிறது. காலையில் காயத் தொடங்கும் எண்ணெயின் மணம் இரவு வரைக்கும் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கும். அந்த மணத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு.

எங்கள் மகனுக்கு 20 வயது. திருமணமாகிப் பத்தாண்டு கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். சென்ற ஆண்டு, விளையாட்டுக்கு ஏற்ற பெரிய கணினி ஒன்றை வாங்கினான். கைமாறி வந்த பெட்டிதான்; 2,600 வெள்ளி. அதில் 1,500 அவன் விடுமுறையில் பேரங்காடியில் மூட்டை தூக்கிச் சேர்த்தது. மீதி 1,100 நான் சீட்டு எடுத்துக் கொடுத்தது. "படிப்புக்கும் ஆகும்மா" என்றான். ஆனதும் உண்மைதான். பாட வரைபடங்களை எல்லாம் அதில்தான் போட்டான். இரவில் விளையாடவும் செய்தான்.

ஆறு மாதம் நன்றாக ஓடியது. பிறகு அணைய ஆரம்பித்தது. விளையாட்டு மும்முரமாகப் போய்க்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று கருத்துவிடும். காற்றாடி பெருமூச்சு விட்டதுபோல் நிற்கும். கொஞ்ச நேரத்தில் பெட்டி தானே எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் முழிக்கும்.

என் கணவர் 38 ஆண்டு லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு இதில் சந்தேகமே இல்லை. "ராவெல்லாம் வெளையாடினா எந்த மிசின்தான் தாங்கும்? மாடா இருந்தாலும் செத்துப்போகும்" என்பார். ஒரு நாள் பையன், "டிரைவர் கெட்டுப்போச்சும்மா, மாத்தணும்" என்றான். கணினிக்குள் இருக்கும் மென்பொருளுக்கு அப்படியொரு பெயராம்! கூடத்தில் பசியாறிக்கொண்டிருந்தவர் மங்கை ஓசையெழ வைத்துவிட்டு, "யாருடா கெட்டுப்போன டிரைவர்?" என்று எழுந்து வந்துவிட்டார். இன்று சிரிக்கிறோம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

கடை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பக்கவாட்டுத் தகட்டைக்கூடக் கழற்றாமல், "மதர்போர்டு போச்சு, 850 வெள்ளி" என்றார்கள். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? திரும்பிக் கொண்டுவந்தோம். அந்த வாரமே, நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டிய பாட வேலையைச் செய்துகொண்டிருந்தபோது பெட்டி அணைந்துவிட்டது. மூன்று மணி நேர உழைப்பு காற்றோடு போயிற்று. அப்பாவும் மகனும் பேசக்கூடாததை எல்லாம் பேசினார்கள். "பெட்டிய வித்துடு" என்றார் அவர். "படிப்பையும் சேர்த்து விட்டுடறேன், சிங்கப்பூருக்குப் போறேன்" என்றான் இவன். நண்பன் வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் மூன்று நாள் வரவில்லை.

அந்த மூன்று நாளும் நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு என் பழைய வேலை நினைவுக்கு வந்தது.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால் மரம் வெட்டியவர். 1983இல், 18 வயதில், மற்றத் தோட்டத்துப் பெண்களைப்போல் நானும் பினாங்கு பாயான் லெப்பாஸுக்குப் போனேன். 1972இலிருந்து அங்கே வெளிநாட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்து, கம்பத்துப் பெண்களையும் தோட்டத்துப் பெண்களையும் பஸ் வைத்து அழைத்துக்கொண்டிருந்த காலம். ஒரே வீட்டில் எட்டுப் பேர் வாடகைக்கு இருந்தோம்.

எனக்கு 'பர்ன்-இன்' பிரிவில் வேலை கிடைத்தது. சிப்புகளைத் தட்டுகளில் வரிசையாகச் செருகி, மின்சாரம் ஓடவிட்டு, 125 பாகைச் சூட்டில் அடுப்புக்குள் மணிக்கணக்காக வைப்போம். நல்லது தாங்கும். குறையுள்ளது அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். சில கோளாறுகள் குளிரில் வெளியே தெரியாது, சூட்டில்தான் வரும். அதைப் பதினொரு ஆண்டு கண்ணால் பார்த்தவள் நான். எங்கள் சீன மேற்பார்வையாளர் எதற்கெடுத்தாலும் "சத்து, சத்து" என்பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பார், எழுது. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று எப்படித் தெரியும்?

மகன் திரும்பி வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். "கிராணி செக்ரோல் எழுதற மாதிரி எழுது. எத்தன மணிக்கு அணைஞ்சுது, போட்டு எவ்வளவு நேரமாச்சு, என்ன செஞ்சுகிட்டிருந்த, வெளிய மழையா வெயிலா, வீட்ல வேற என்ன ஓடுது... எல்லாம் எழுது. 14 நாள். அதுவரைக்கும் எதையும் மாத்தாத."

அவன் ஏற்கெனவே விண்டோஸை இரண்டு முறை அழித்துப் போட்டிருந்தான். அதில் 'ஈவெண்ட் வியூவர்' என்ற பதிவேடு இருக்கிறது. பெட்டி அணைந்த ஒவ்வொரு முறையும் அதில் 'கெர்னல் பவர் 41' என்று விழுந்திருந்தது. அதுதான் நோய் என்று பயந்துபோயிருந்தான். பிறகு படித்துப் பார்த்தால், முறையாக மூடாமல் பெட்டி நின்றது என்பதுதான் அதற்குப் பொருள். ஏன் நின்றது என்பது அதற்கே தெரியாது. பெரட்டில் ஆள் வரவில்லை என்று கிராணி குறித்துக்கொள்வார். காய்ச்சலா, கள்ளா என்றா எழுதுவார்?

இதற்கிடையே அவன் நண்பன், "சிப்பே கோளாறு" என்று கிளப்பினான். அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்புகள் பல நாடுகளில் விளையாட்டின் நடுவே நின்றுபோயின. சிப்புக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போனதே காரணம் என்று 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டார்கள். உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுவிட்ட சிப்பைத் திருத்தம் குணமாக்காது, மாற்றித்தான் ஆகவேண்டும். அந்த ரகம் வைத்திருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். எங்களுடையது அதற்குச் சில தலைமுறை முந்தியது. ஆகவே அது இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா இடி மின்னல்தான் என்றார். கிந்தா பள்ளத்தாக்கில் மாலையானால் இடிக்குப் பஞ்சமா? இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லதுதான். ஆனால் நோட்டில் பார்த்தால் காய்ந்த நாள்களிலும் பெட்டி அணைந்திருந்தது.

14 நாளில் 19 முறை. நானும் அவனும் உட்கார்ந்து எண்ணினோம். 16 முறை விளையாடும்போது, அதுவும் தொடங்கி 20 நிமிடத்திற்குப் பிறகுதான். காலையில் எழுந்ததும் ஒரு முறைகூட இல்லை. என் 'பர்ன்-இன்' அடுப்புதான்! மற்ற மூன்று முறை மட்டும் இடித்தது. அப்போது அவன் சும்மா தட்டெழுதிக்கொண்டிருந்தான்.

முதலில் சூட்டைப் பிடித்தோம். வெப்பம் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், விளையாட்டில் சிப்பு 97 பாகையைத் தொட்டது. 100 பாகை நெருங்கினால் இந்தச் சிப்புகள் தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் பெட்டி அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, தகட்டைக் கழற்றினோம். ஐயோ! புந்தோங் எண்ணெய்ப் புகையும், என் சாம்பிராணிக் கரியும், பஞ்சுத் தூசியும் சேர்ந்து காற்றாடிக்கு அடியில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. கடைக்காரர் தகட்டைத் திறந்திருந்தாலே கண்ணில் பட்டிருக்கும். காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த வண்ணத் தூரிகையால் பதமாகத் தள்ளினோம். சிப்பின் மேல் காய்ந்து பொருக்காகிவிட்ட பசையைத் துடைத்து, 20 வெள்ளிக்குப் புதுப் பசை வாங்கித் தடவினான். பெட்டியைச் சாமி மேடைப் பக்கத்திலிருந்து நகர்த்தினேன். சூடு 76க்கு இறங்கியது.

பத்து நாள் விளையாட்டில் ஒரு முறைகூட அணையவில்லை. பையன் முகத்தில் சிரிப்பு வந்தது. பதினோராம் நாள் மாலை ஏழரைக்குத் தட்டெழுதும்போது மறுபடி அணைந்தது. நான் கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நோட்டைப் புரட்டினேன். 'வீட்டில் வேறு என்ன ஓடுகிறது' என்ற இடத்தில் மூன்று தடவையும் அவன் எழுதியிருந்தது ஒரே சொல்: இஸ்திரி.

இஸ்திரிப் பெட்டியும் கணினியும் ஒரே நீட்டு ஒயரில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒயரைப் பிடித்துக்கொண்டே அலமாரிக்குப் பின்னால் போனேன். நடுவில் கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு. டேப் உருகிப் பழுப்பேறி, தொட்டால் பிசுபிசுத்தது. கருகல் வாடை வேறு. சென்ற தீபாவளிக்கு முன்பு எலி கடித்ததை என் கணவர் தம் கையாலேயே ஒட்டுப் போட்டது அது.

பிரித்துப் பார்த்தோம். இரண்டு ஒயரைத்தான் முறுக்கியிருந்தார். பச்சையும் மஞ்சளும் கலந்த மூன்றாவது ஒயர், மண்ணுக்குப் போகும் எர்த், அறுந்தபடியே கிடந்தது. லோரியில் 24 வோல்ட்டுக்கு இரண்டு ஒயர் போதும், அந்தப் பழக்கம். இஸ்திரி இழுக்கும் மின்சாரத்தில் அந்த முடிச்சு சூடேறி, தொடுப்பு விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதில்தான் கணினி அணைந்தது. அதை விடுங்கள். பெட்டியைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்கிறது என்று பையன் முன்பே இரண்டு முறை சொன்னான். எனக்கும் பட்டது. குளிர்ந்த தரை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எர்த் இல்லாத பெட்டி அப்படித்தான் சுறுக்கும் என்பது பதினொரு ஆண்டு தொழிற்சாலையில் இருந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அதே ஒயரில் ஈரக் கையோடு எத்தனை நாள் இஸ்திரி போட்டிருக்கிறேன்!

அன்று இரவு நான் தூங்கவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது என்று வேறு கவலை. மூன்று மாதமாக மகனைத் திட்டியவரிடம் போய், உங்கள் கைவேலைதான் என்று சொல்ல வாய் வரவில்லை. காலையில் ஒயரை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் கோப்பி கலக்கப் போனேன். அவர் எடுத்துப் பார்த்தார். அறுந்த பச்சை ஒயரை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். மோட்டாரை எடுத்துக்கொண்டு போனவர், சிரிம் முத்திரை ஒட்டிய புது நீட்டு ஒயரோடும், லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் ஒருவரோடும் திரும்பி வந்தார். ஒயருக்கு 38 வெள்ளி. சுவரில் இருக்கும் எல்லா சாக்கெட்டையும் சோதிக்க 80 வெள்ளி. இஸ்திரிக்கு இப்போது தனி சாக்கெட்.

மகனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்தத் தலைமுறை ஆண்களுக்கு அந்த வார்த்தை வராது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பையன் 'யூரோ டிரக் சிமுலேட்டர்' என்ற விளையாட்டைப் போட்டிருந்தான். ஐரோப்பியச் சாலைகளில் பெரிய லோரி ஓட்டுவதாம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். சரிவில் லோரி வேகமாக இறங்கிற்று.

"கியரைக் குறைடா. பிரேக்க மட்டும் நம்பி எறங்கினா தீஞ்சு போகும்."

"அப்பா, இது கேம்ப்பா."

"கேமா இருந்தா என்ன, லோரி லோரிதான். தள்ளு, நான் காட்டறேன்."

மணி பதினொன்றாயிற்று. விளக்கை அணைக்கச் சொல்லி இரண்டு முறை குரல் கொடுத்தேன், இருவருமே எழுந்திருக்கவில்லை.