ஷெங்கன் கிராமமும் எங்கள் வீட்டு இரண்டு பாஸ்போர்ட்டும்

'ஷெங்கன் விசா' என்ற பெயரைக் கேட்காத புதுச்சேரிக் குடும்பம் குறைவு. ஷெங்கன் என்பது ஒரு குட்டி ஊர் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. லக்சம்பர்க் நாட்டின் தென்கிழக்கு மூலையில், மோசெல் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் ஜெர்மனியின் பெர்ல். கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் பிரான்ஸ். 1985 ஜூன் 14 அன்று இந்த ஆற்றில் நின்ற 'பிரின்செஸ் மரி ஆஸ்ட்ரிட்' என்ற கப்பலில்தான் ஐந்து நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. இன்று அது 29 நாடுகளாகிவிட்டது.

பாரிஸிலிருந்து லக்சம்பர்க் நகருக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து ஷெங்கனுக்கு பஸ். டிக்கெட் கிடையாது! 2020 முதல் நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம். ஊரில் ஒரு சிறு மியூசியம், பெர்லின் சுவரின் துண்டு, ஆற்றில் வாத்துகள். ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஆனால் பாஸ்போர்ட்டைப் பையிலேயே வைத்திருங்கள். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. எல்லையை அழித்த ஊருக்கு எதிர்க்கரையிலேயே போலீஸ் நிற்கலாம் என்பது வேடிக்கைதான்.

எங்கள் வீட்டில் இரண்டு பாஸ்போர்ட். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, என் கணவரின் தாத்தா பிரெஞ்சு நேஷனாலிட்டியைத் தேர்ந்தெடுத்தார். அதனால் கணவருடையது பிரெஞ்சு பாஸ்போர்ட். நான் விழுப்புரத்துப் பெண், இந்தியப் பாஸ்போர்ட். கல்யாணமாகிப் பாரிஸ் புறநகருக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. 'ஷெங்கன்' என்பது எல்லையில் சோதனை இல்லை என்பது மட்டும்தான். கணவரோடு மனைவியும் போகலாம் என்று சொல்வது வேறொரு சட்டம். 2004-ல் வந்த ஐரோப்பிய யூனியனின் சுதந்திர நடமாட்ட விதி அது. கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், அவர்களைச் சார்ந்து வாழும் பெற்றோர் எல்லாருக்கும் அது பொருந்தும். விசா தேவைப்பட்டால் கட்டணமில்லாமல், சீக்கிரமாகத் தர வேண்டும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த விதி, ஐரோப்பியர் தன் சொந்த நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போனால்தான் பொருந்தும். எங்கள் பில்டிங்கில் மூன்றாவது மாடியில் போர்ச்சுகீசியர் ஒருவர் இருக்கிறார். மனைவி கேப் வெர்டே நாட்டுக்காரர். பிரான்சில் அவர்கள் வெளிநாட்டுக் குடும்பம் என்பதால் அந்த அம்மாவுக்கு ஐரோப்பியக் குடும்ப அட்டை. என் கணவர் பிரெஞ்சுக்காரர், இருப்பதும் பிரான்ஸ். எனக்குச் சாதாரண பிரெஞ்சு வசிப்பு அட்டை. ஒரே லிஃப்டில் போகிறோம், அவர் விசா இல்லாமல் அயர்லாந்து போகலாம், நான் போக முடியாது!

இந்தச் சிக்கலில் ஓர் இந்தியரின் பெயரும் இருக்கிறது: சுரிந்தர் சிங். மனைவி பிரிட்டிஷ்காரர். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டன் திரும்பினார்கள். பிறகு இவருக்கு அங்கே தங்கும் உரிமை பற்றி வழக்கு வந்தது. இன்னொரு நாட்டில் வேலை செய்துவிட்டுத் தாய்நாடு திரும்புகிறவரின் துணைக்கும் ஐரோப்பிய உரிமை கூடவே வரும் என்று 1992-ல் தீர்ப்பு. அந்த நீதிமன்றமும் லக்சம்பர்க் நகரில்தான். கிர்ஷ்பர்க் மேட்டில் பொன்னிறக் கோபுரங்களோடு நிற்கிறது. டிராமில் போய்ப் பார்த்தோம். ஷெங்கன் கிராமத்தைவிட எனக்கு அதுதான் பிடித்தது. கணவருக்கு வாத்துகள்.

எனக்கு அந்த விதி நிஜமாகவே தேவைப்பட்டது நாத்தனாரின் பிரசவத்துக்கு. அவர் டப்ளினில் இருக்கிறார். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. ஆனால் ஐரோப்பிய யூனியனில் இருக்கிறது. என் கணவர் அங்கே வெளிநாட்டு ஐரோப்பியர் அல்லவா? விண்ணப்பத்தில் 'ஐரோப்பியக் குடிமகனின் மனைவி' என்று போட்டோம். இரண்டு பாஸ்போர்ட், பிரெஞ்சு குடும்பப் புத்தகத்தில் எங்கள் திருமணப் பதிவு, இருவரும் சேர்ந்து போகிறோம் என்பதற்கு டிக்கெட். விசாவுக்குக் கட்டணம் இல்லை.

விமான நிலையத்தில்தான் வயிற்றில் புளி கரைத்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் விசாவைப் பார்த்துவிட்டு, ஹோட்டல் புக்கிங் எங்கே, வங்கிக் கணக்கு எங்கே என்றார். எல்லை அதிகாரிகூட, ஆதாரம் காட்ட வாய்ப்புத் தராமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று அந்த விதி சொல்கிறது. கவுன்ட்டரில் இருப்பவருக்கு அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே. தவறான ஆளை ஏற்றினால் அபராதம் அவர்கள் கம்பெனிக்குத்தான். நாத்தனாருக்கு அன்று காலையே வலி எடுத்திருந்தது. மாமியார் வாட்ஸ்அப்பில், "ஏறிட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கணவர் பொறுமையாகக் குடும்பப் புத்தகத்தைத் திறந்து வைத்து, மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னார். வந்தவர் ஒரு போன் செய்தார். இருபது நிமிடம். போர்டிங் பாஸ் கைக்கு வந்தது.

டப்ளினில் இருவரும் ஒன்றாகவே அதிகாரி முன் நின்றோம். எதற்கு வருகிறீர்கள், எத்தனை நாள் என்று கேட்டார். "நாத்தனாருக்குக் குழந்தை, பத்து நாள்" என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். பையில் இருந்த ஒரு கிலோ பத்தியக் குழம்புப் பொடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.