முக்காலியும் முத்துக் கடலும்

முத்துக்கும் உப்புக்கும் கப்பலுக்கும் பெயர் பெற்றது தூத்துக்குடி. 1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இவ்வூரில்தான். இன்றைய பெருந்துறைமுகம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆனால் முத்துக்குளிப்பு மட்டும் பழங்கதையாகிவிட்டது. 1955 முதல் 1961 வரை இக்கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் அத்தகைய காலம் திரும்பி வரவில்லை. அன்று மூச்சடக்கி மூழ்கிய இளைஞர்கள் இன்று எண்பதைக் கடந்த முதியவர்கள். ஒவ்வொருவராக மறைந்தும் வருகின்றனர். அவர்களைக் கடலோடு சேர்த்துப் படமெடுத்து வைக்கவேண்டும் என்ற ஆசைதான் என்னைக் கேமராவும் முக்காலியுமாகக் கரைக்கு அனுப்பியது.

விடியற்காலை வெளிச்சம் மங்கலானது. கேமராவின் கண் சற்று நேரம் திறந்தே இருக்கவேண்டும். கையில் பிடித்தால் படம் அசைந்துவிடும். ஆகவே முக்காலி தேவை. கேமராவின் அடியில் கால் அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 20 மரைகள் கொண்ட திருகுத் துளை உண்டு. உலகெங்கும் கேமராக்களுக்குப் பொதுவான அளவு இது. முக்காலியின் திருகை ஒவ்வொரு முறையும் இதில் முடுக்கிக் கழற்றினால் நேரம் வீணாகும்.

இதற்கு வந்த வழிதான் குயிக் ரிலீஸ் பிளேட். தட்டையான அலுமினியத் தகடு ஒன்றைக் கேமராவின் அடியில் ஆலன் சாவியால் முடுக்கி நிரந்தரமாக வைத்துவிடலாம். அதன் இரு பக்கங்களும் சாய்வாகச் செதுக்கப்பட்டிருக்கும். முக்காலித் தலையிலுள்ள பிடி அந்தச் சாய்வைக் கவ்விக்கொள்ளும். சுமார் 38 மில்லிமீட்டர் அகலமுள்ள இவ்வமைப்புக்கு, இதைப் பரப்பிய நிறுவனத்தின் பெயரால் ஆர்க்கா-சுவிஸ் என்று பெயர். பல நிறுவனங்கள் இதைப் பின்பற்றினாலும் அளவில் சிறு வேறுபாடுகள் உண்டு. நெம்புகோல் வைத்த பிடி சில தகடுகளை இறுக்கமாகக் கவ்வாது. திருகு வைத்த பிடி பெரும்பாலும் ஒத்துப்போகும்.

தகடு மட்டும் போதுமா? அகலவாக்கில் எடுக்கும்வரை போதும். பனிமய மாதா கோயிலின் கோபுரமும், முயல் தீவின் கலங்கரை விளக்கமும், நிமிர்ந்து நிற்கும் மனிதனும் உயரவாக்கில் அமைபவை. அப்போது முக்காலித் தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால், கேமரா ஒரு புறமாகத் தொங்கும். கடற்காற்றில் முக்காலி தள்ளாடும். லென்சும் இடம் மாறுவதால் காட்சியை மீண்டும் அமைக்க வேண்டிவரும். எல்-பிராக்கெட் இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. ஆங்கில எல் எழுத்தைப் போல ஒரு கை கேமராவின் அடியிலும், மறு கை இடப்பக்கத்திலும் ஒட்டி நிற்கும். இரண்டிலும் அதே சாய்வு உண்டு. பிடியைத் தளர்த்தி, கேமராவைத் தூக்கித் திருப்பி, மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது. பாரம் முக்காலியின் நடுவிலேயே இருக்கும். பேட்டரிக் கதவையும் வயர் செருகும் துளையையும் மறைக்காத பிராக்கெட்டாகப் பார்த்து வாங்கவேண்டும்.

இது என்ன பெரிய காரியம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. திரேஸ்புரம் கரையில் ஒரு தாத்தாவைப் படமெடுத்த காலையை அவர்களுக்குச் சொல்வேன். வள்ளங்களும் கடலும் பின்னணியில் விரிய, அகலவாக்கில் முதல் படம் எடுத்தேன். "காலு கடுக்கு தம்பி, இன்னும் எம்புட்டு நேரம்?" என்றார். "ஒரே நிமிசம் தாத்தா" என்று கேமராவைத் திருப்பி மாட்டினேன். அதற்குள் அவர் கடலைப் பார்த்தபடி, "மேல கயித்தப் பிடிக்கிறவன் கை சரியா இருந்தாத்தான் கீழ போனவன் வருவான். என் கயித்தப் பிடிச்சது என் மச்சான்" என்றார். அந்த முகத்தோடு, தலைமுதல் கால்வரை, இரண்டாவது படம் விழுந்தது. பிறகு அவர் மணலில் அமர்ந்துவிட்டார். நான்கு மாதங்களில் காலமானார். அவர் வீட்டுச் சுவரில் இன்று மாலையோடு இருப்பது அந்த இரண்டாவது படமே.

நம் கரைக்கென்றே சில எச்சரிக்கைகளும் உண்டு. உப்பு ஈரம் பட்டால், எஃகுத் திருகைத் தொட்டிருக்கும் அலுமினியம் அரிக்கும், திருகும் இறுகிப்போகும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்தவேண்டும். பிடியின் இடுக்கில் ஒரு மணல் துகள் இருந்தாலும் அது முழுவதும் கவ்வாது. இறுக்கிய பின் ஒருமுறை இழுத்துப் பார்த்தே கையை எடுக்கவேண்டும்.

நம்மூர்களில் படத்துக்காகக் காத்திருக்கும் முகங்கள் பல. அவற்றுக்கு மிஞ்சியிருக்கும் காலமோ சிறிது. அந்தச் சிறிது நேரத்தில் ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தித் தரும் உலோகத் துண்டு எனக்குச் சிறியதாகத் தோன்றவில்லை.