வீடு வாங்கும் முன் பரிசோதனை: சந்தேகமா, கடமையா?



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீடு வாங்க முனையும் நம் குடும்பங்கள் பத்திரங்களைப் பார்ப்பதில் குறை வைப்பதில்லை. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று அனைத்தையும் வழக்கறிஞரிடம் காட்டுகிறோம். ஆனால் வீட்டை யாரிடம் காட்டுகிறோம்? ஒரு மாலைப் பொழுதில் குடும்பத்தோடு சென்று, அறைகளை எண்ணி, தண்ணீரைச் சுவைத்து, பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று விசாரித்துவிட்டுத் திரும்புகிறோம். சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் உள்ள நிலையைச் சொல்லக்கூடிய கட்டடப் பொறியாளரை அழைத்துச் செல்வோர் மிகச் சிலரே.

காகிதம் சரியாக இருந்தால் கட்டடமும் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பூந்தமல்லிக்குக் கிழக்கே, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ரமளானை எதிர்நோக்கியிருந்த நாட்களில், 2014 ஜூன் 28 அன்று மாலை, கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் பறிபோயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர்கள். திட்ட அனுமதி என்னும் காகிதம் அந்தக் கட்டடத்துக்கும் இருந்தது. அதன் அருகில் நின்ற மற்றொரு கட்டடமும் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அவற்றில் வீடு வாங்கப் பணம் கட்டிக் காத்திருந்த குடும்பங்கள் பல.

வட்டியைத் தவிர்த்து வாழ உறுதி கொண்டவர்களுக்கு இவ்விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. வங்கிக் கடனில் வாங்குபவரின் வீட்டுக்கு, வங்கி தன் பணத்தைக் காத்துக்கொள்வதற்காகவேனும் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. அவர் பார்ப்பது பெரும்பாலும் விலைமதிப்பைத்தான். எனினும் வெளியாள் ஒருவரின் பார்வை அந்த வீட்டின்மீது படுகிறது. நாமோ பல்லாண்டுச் சேமிப்பையும், மனைவியின் நகையையும், ஊரில் விற்ற நிலத்தின் பங்கையும், உறவினர் தந்த கர்ளன் ஹஸனாவையும் ஒன்றுசேர்த்து வாங்குகிறோம். ஒரு குடும்பத்தின் உழைப்பு முழுவதும் ஒரே கட்டடத்தில் போய்ச் சேர்கிறது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

இருபது ஆண்டு வாடகை வாழ்க்கைக்குப் பின், சென்ற ஆண்டு நாங்கள் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பழைய தனி வீட்டை வாங்க எண்ணினோம். விற்பவர் எங்கள் மஹல்லாவின் மூத்த ஹாஜியார். பொறியாளரை அழைத்து வருகிறேன் என்றதும் என் மனைவியின் அண்ணன் முகம் சுளித்தார். "முதல் ஸஃப்பில் நிற்கிற மனிதர், மச்சான். அவர் வீட்டைச் சோதிக்க ஆள் கூட்டிப் போனால் அவரைச் சந்தேகப்பட்டதாகாதா?" என்றார். என் மனைவியோ, "அவர் நல்லவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் பிள்ளைகள் உறங்கப்போவது அந்தத் தளத்தின் கீழ் அல்லவா?" என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது.

பொறியாளர் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பார்த்தார். சமையலறைத் தளத்தின் ஒரு மூலையில் பூச்சு புதிதாகத் தெரிந்தது. தட்டியபோது பொள்ளல் ஓசை கேட்டது. ஹாஜியாரின் இசைவோடு சிறிது பெயர்த்துப் பார்த்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. மொட்டை மாடியில் நீர் வடியும் சரிவு தவறாக அமைந்து, மழைநீர் அந்த மூலையில் தேங்கி ஆண்டுக்கணக்கில் இறங்கியிருக்கிறது. ஹாஜியார் திகைத்துவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகன் கொத்தனாரை வைத்துப் பூசியது அவருக்குத் தெரியும். உள்ளே கம்பியின் நிலை தெரியாது. அவர் எதையும் மறைக்கவில்லை. அறியாததை அவரால் சொல்ல இயலவில்லை, அவ்வளவே. விற்பவரின் நேர்மை ஒன்றையே நம்பியிருப்பது போதாது என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன்.

மாணவர்களுக்கு நான் நடத்தும் நபிமொழி ஒன்று, ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியுள்ளது. தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், அதனுள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் கூறினார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். இதை விற்பவருக்கான எச்சரிக்கையாக மட்டுமே நாம் பேசி வருகிறோம். மேற்பரப்பைக் கண்டு திருப்தியடையாமல் உள்ளே கைவிட்டுப் பார்த்த செயலிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. அதை எவரும் தீய எண்ணம் என்று சொல்லத் துணிய மாட்டார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். எழுதி வைப்பது சகோதரத்துவத்துக்குக் குறைவு இல்லையென்றால், பார்த்து வாங்குவதும் குறைவு இல்லை.

வாங்கிய பொருளில் முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால், அதைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்று குறிப்பிடுகின்றன. நாட்டின் சட்டமும் இதற்கு நெருங்கியே நிற்கிறது. விற்பவர் தாம் அறிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறைகளைச் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55 கூறுகிறது. கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் குறைக்கு அந்தப் பிரிவு துணை நிற்காது. கட்டுமான நிறுவனத்திடம் புதிதாக வாங்கினால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டும் கட்டமைப்புக் குறைகளை நிறுவனமே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தனிநபரிடம் பழைய வீடு வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பத்திரம் பதிவான பின் உரிமையைக் கோரி நீதிமன்றம் ஏறுவதைவிட, முன்பே பார்த்துக்கொள்வது எளிது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் பொறியாளரை அழையுங்கள். அவர் தரகருக்கோ விற்பவருக்கோ வேண்டியவராக இல்லாமல், உங்களிடம் கட்டணம் பெறுபவராக இருக்கட்டும். அவர் பார்க்கும்போது நீங்களும் உடனிருங்கள். விரிசல்கள் பூச்சோடு நிற்கின்றனவா, சுவரையே பிளக்கின்றனவா. தரையிலிருந்து ஓதம் ஏறுகிறதா. குளியலறைக் கசிவு, மின்கம்பிகளின் நிலை, எர்த்திங், சம்புக்கும் செப்டிக் டேங்குக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைக் கேளுங்கள். அடுக்குமாடியாக இருந்தால் மொட்டை மாடியும் வாகன நிறுத்தத்தின் தூண்களும் உங்கள் வீட்டின் பகுதிகளே. கண்டவற்றையும் சீரமைப்புச் செலவையும் எழுத்தில் பெறுங்கள்.

நம் பகுதி ஏரிகளின் பூமி. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கொரட்டூர், அம்பத்தூர் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அந்த நாட்களில் தெருவில் எவ்வளவு நீர் நின்றது என்பதை அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் நூற்றுக்கு 9 வீதம் 4.5 லட்சம் ஆகிறது. அத்தனை செலவழிப்பவருக்குப் பொறியாளரின் கட்டணம் பாரமாகாது.

இரண்டு நாட்கள் கழித்து ஹாஜியார் இஷாவுக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஸ்ரத், தெரியாமல் விற்றிருந்தால் நாளை உங்கள் பிள்ளைகளுக்கு ஏதேனும் நேர்ந்து, நான் எந்த முகத்தோடு உங்கள் பக்கத்தில் நின்று தொழுவேன்?" என்றார். சீரமைப்புச் செலவை விலையில் கழித்துக்கொண்டார். பரிசோதனை எங்கள் உறவைக் கெடுக்கவில்லை. இருவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிந்துவிடும் என்னும் கருத்தில் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. விற்பவர்களும் இதை மனத்தில் கொண்டு, கேட்பதற்கு முன்பே குறையைச் சொல்லிவிட வேண்டும்.

வாங்குவோருக்கும் விற்போருக்கும் உண்மையையும் பரக்கத்தையும், நம் பிள்ளைகளுக்கு அச்சமின்றி உறங்கும் இல்லங்களையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.