மண்டபத்தில் ஒரு கிளிஞ்சல் சுவர்

இராமேஸ்வரம் போகிறவர்கள் யாராவது மண்டபத்தில் இறங்குவார்களா? பாம்பன் பாலம் வரப்போகிறது என்று எல்லோரும் ஜன்னல் பக்கம் முண்டியடிக்கிற நேரத்தில் அந்த ஊர் பின்னால் போய்விடும். நானும் எத்தனையோ தடவை அப்படித் தாண்டிப் போனவள்தான். இந்த முறை மாமனார் திதிக்காக இராமேஸ்வரம் போனபோது, திரும்பும் வழியில் நாத்தனார் வீட்டில் நாலு நாள் தங்கினோம். அவள் வீட்டுக்காரருக்கு மண்டபத்துக்கு மாற்றலாகி ஒரு வருஷம் ஆகிறது. சும்மா இருக்க மாட்டாள் அவள். மீனவர் தெருவில் ஒரு ஓட்டுக் கொட்டகையில், சாயங்காலம் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள்.

முதல் நாளே நான் ஒரு கூத்து அடித்தேன். கடற்கரையில் அழகான சங்கு ஒன்று கிடைத்தது. எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை பையைத் திறந்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம்! உள்ளே ஒரு துறவி நண்டு செத்துக் கிடந்தது. அதற்குச் சொந்த ஓடு கிடையாதாம். பிற பிராணி விட்டுப்போன சங்கில் குடியிருந்து, உடம்பு வளர வளரப் பெரிய சங்காகப் பார்த்து மாறுமாம். "காலிச் சங்கை நாம அள்ளிட்டு வந்துட்டா அதுங்க எங்க போகும் அண்ணி?" என்றாள் நாத்தனார். ஒரு உயிரை அநியாயமாகக் கொன்றுவிட்டோமே என்று அன்று முழுக்க மனசு சரியில்லை.

அப்புறம் அவள் விஷயத்தைச் சொன்னாள். கடையில் பளபளவென்று அடுக்கியிருக்கும் பெரிய சங்குகளில் பல உயிரோடு பிடிக்கப்பட்டவை. சதையை எடுத்துவிட்டு, ஆசிட்டில் முக்கி மெருகேற்றுகிறார்கள். நாட்டிலஸ், ராட்சத மட்டி போன்ற சிலவற்றை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே எதையும் எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டு டி.வி. அலமாரியில் உட்கார்ந்திருக்கும் பெரிய சங்கு ஞாபகத்துக்கு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"அப்போ உன் பிள்ளைங்களுக்குக் கிளிஞ்சல் எங்கேர்ந்து கிடைக்குது?" என்றேன். மறுநாள் விடியற்காலை வலையடிக்கு அழைத்துப் போனாள்.

நண்டு வலைகளைக் கரையில் விரித்துப் போட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நீலக்கால் நண்டுகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடுக்கு கையைப் பதம் பார்க்காமல் அவர்கள் எடுக்கிற வேகம் இருக்கிறதே, நாம் பூத்தொடுப்பது எல்லாம் எம்மாத்திரம்! நண்டோடு கூட வலையில் உடைந்த சங்கு, முள் சங்கு, சிப்பி, மட்டி என்று ஏதேதோ மாட்டி வருகின்றன. உயிருள்ளது என்றால் கடலில் வீசச் சொல்லிக் குழந்தைகளைப் பழக்கியிருக்கிறாள். வெறும் ஓடும் உடைசலும் குப்பைமேட்டுக்குத்தான் போகும். அந்தக் குப்பையைத்தான் இவள் கூடையில் வாரி வருகிறாள். கூம்பு வடிவச் சங்கை மட்டும் யாரும் தொடக் கூடாது. உயிரோடு இருந்தால் விஷ ஊசி போடும், ஆளையே கொல்லக்கூடிய ஜாதியும் அதில் உண்டு. கடற்கரைக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகும் அம்மாக்கள் இதை மறக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கொதிநீரில் போட்டு எடுத்து, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி வெயிலில் காயப் போடுகிறாள். நாற்றமும் போகிறது, உப்பும் போகிறது. ஆசிட் பக்கமே போவதில்லை.

இதை வைத்து அவள் நடத்தும் பாடம் இருக்கிறதே! இரட்டை ஓடு ஒரு குவியல், ஒற்றை ஓடு ஒரு குவியல் என்று பிரிப்பது மூன்று வயதுக்கு. பல்லாங்குழியில் 14 குழி, குழிக்கு 5 சோழி, மொத்தம் எத்தனை என்பது பெரியவர்களுக்கு. கிளிஞ்சலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரைக்கும். நிஜமா பிளாஸ்டிக்கா என்று அதிலேயே தெரிந்துவிடும். சில மட்டிகளில் துரப்பணம் போட்டது மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். மாலை கோர்க்க யாரோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லையாம், வேறொரு நத்தை துளைபோட்டு உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டுப் போன அடையாளமாம்!

நாங்கள் இருந்தபோது கொட்டகைச் சுவரில் படம் பதிக்கும் வேலை நடந்தது. ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு மணல். முழ அளவுக்கு மட்டும் பூசி, இறுகுமுன் கிளிஞ்சலை அழுத்த வேண்டும். படம் கடல் பசு. அந்த ஊரில் ஆவுளியா என்பார்கள். கடல் புல்லைத் தின்று, மூச்சு வாங்க மேலே வந்து, குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கும் பிராணி. அதற்காகவே பாக் விரிகுடாவில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தார்கள்.

தெருப் பெண்களுக்கு இதில் அவ்வளவு இஷ்டமில்லை. "நாங்க கழிக்கிற குப்பையப் போயி சுவத்துல ஒட்டுறீகளே" என்று ஒருத்தி சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது போலத் தோன்றியது.

வகுப்பில் ஒரு பெண் குழந்தை. ஐந்து வயசிருக்கும். வாயே திறக்காது என்று நாத்தனாருக்குக் கவலை. நாங்கள் வாலை வட்டமாக, துடுப்பு மாதிரி முடித்த நேரம், அது சுவரையே முறைத்துப் பார்த்துவிட்டு ஓடிப் போயிற்று. கோபமோ என்று பார்த்தால், பாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது! பாட்டி மடியெல்லாம் நண்டு வாசனை. சுவரைப் பார்த்ததும், "வாலு தப்பு தாயி. ஆவுளியாவுக்கு வட்ட வாலு கிடையாது. ஓங்கல் மாதிரி ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். எங்க ஆளு வலையில விழுந்தத என் கண்ணால பாத்திருக்கேன்" என்றாள்.

நாத்தனார் புத்தகத்தைப் புரட்டினாள். அவள் பார்த்து வரைந்தது வேறு தேசத்து மனட்டியாம்! அதற்குத்தான் வட்ட வால். சிமெண்டோ இறுகத் தொடங்கிவிட்டது. "யாருக்குத் தெரியப் போகுது, விட்டுடேன்" என்றேன் நான். முதுகு வலி எனக்கு! நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையில் நானே கரண்டியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஓட்டை எங்கே வைப்பது என்று சொல்லச் சொல்ல, பேத்தி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. கொடுக்கும்போதே பெயரும் சொல்லிற்று. மட்டி, முள் சங்கு, ஐவிரல் சங்கு... நாத்தனார் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். முதல் நாள் சிரித்த பெண்கூட, "கண்ணுக்கு இதைப் போடுங்க" என்று ஒரு சோழியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

நாங்கள் கிளம்பிய அன்று அந்தக் குழந்தை என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டது: "உங்க ஊரு சுவத்துல என்ன இருக்கு?"

"சினிமா போஸ்டர்" என்றேன். வேறு என்ன சொல்வது?